தூணின் மூலை

வினீதுக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. அவன் நெய்யாற்றின்கரையில் உள்ளே கிடக்க, இங்கே பாறசாலையில் அவன் அப்பன் சுந்தரதாஸ் மேசிரி பெட்ரோல் பங்கு கட்டிக்கொண்டிருந்தார். அடிக்கு ஒரு இஞ்ச் கணக்கு. இரண்டு முக்காலிகளின் மேல் கிடத்திய பழைய கதவுதான் மனை.

வீடு வீடாகச் சுவர் எழுப்பிய கை. இத்தனை சின்ன வேலைக்கு விரல்கள் பெரிதாக இருந்தன.

பங்கு பழைய காலத்தது. வளைந்த கூரை, முன்னால் ஒற்றைத் தூண், தூணுக்குப் பின்னால் கையால் சுழற்றி எண்ணெய் ஏற்றும் மெஷின், அதன் தலையில் கண்ணாடி உருண்டை. மெஷின் செத்து வெகுகாலம். சும்மா காட்சிக்கு நின்றது. அதன் இரும்புக் கைப்பிடியைக் கழற்றித்தான் யாரோ மேனேஜரின் மண்டையில் போட்டிருந்தார்கள். அவர் இன்னும் நினைவு திரும்பாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அங்கே எண்ணெய் அடிக்க நின்ற வினீத்தான் அடித்தான் என்று எதிரே சாயாக்கடை நடத்தும் ராஜையா போலீசில் சொல்லிவிட்டான். அடுப்படியில் நின்றபடி கண்ணால் கண்டானாம்.

"தூண் மறைக்குமே, பின்னே அவன் எப்பிடிக் கண்டான்?" என்று முதலில் கேட்டது சுந்தரதாஸ்தான். வக்கீல் பிரசீதா அதைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அதற்குள் ரோட்டை அகலப்படுத்த வந்த ஜேசிபி பங்கை வாரிக்கொண்டு போயிருந்தது. அந்த இடம் தெரிகிற போட்டோ ஒருவரிடமும் இல்லை.

"அப்போ பங்குக்க மாதிரி ஒண்ணு சின்னதா செய்து தாங்க, மேசிரி. அங்க பழுதுவேலை எல்லாம் நீங்கதானே பாத்தது? கோர்ட்டில ஞான் நூல் பிடிச்சுக் காட்டுறேன்" என்றாள்.

அவள் வந்து எடுத்துப்போக வேண்டிய நாள் இன்று. கதவின் மேல் ராஜையாவின் அடுப்படி வரும் இடத்தில் ஓர் ஆணி, மெஷினில் ஓர் ஆணி அடித்து சுந்தரதாஸ் நூலை இழுத்தார். நூல் தூணின் மூலையில் முட்டி வளைந்தது. மகனைப் போலீஸ் கொண்டுபோன பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

"எடி ராஜபாய்! இஞ்ச வந்து பாரு. நூலு முட்டி நிக்குது. அந்தச் சாயாக்கடைக்காரன் பச்சைக் கள்ளமாக்கும் சொல்லியான்."

கட்டன் சாயாவோடு வந்த மனைவி குனிந்து பார்த்தாள். அவர் கொத்தனாக நின்ற இடங்களிலெல்லாம் அவள் கலவை சுமந்தவள்.

"இது என்ன, சதுரமா நிக்குது?"

"தூண் சதுரந்தானே."

"கட்டும்போ சதுரம். லாறிக்காரனுவளுக்க கண்ணாடி தட்டுதுண்ணு நீங்கதானே பொறவு மூலையைச் செத்தி உருட்டினீங்க? செத்திப் போட்டத நானாக்கும் சுமந்தேன்."

சுந்தரதாஸ் சாயாவை வாங்கிக் கதவின் ஓரத்தில் வைத்தார். அவள் சொன்னது சரிதான். உளி பிடித்த வலிகூட நினைவுக்கு வந்தது. தேய்ப்புத்தாளை எடுத்து மூலையை உருட்டினார். மறுபடி நூலை இழுத்தார். நூல் எதிலும் தொடாமல், அடுப்படியிலிருந்து மெஷினுக்கு நேரே போய் விறைத்து நின்றது.

"அப்போ நம்ம பய..." என்றாள் ராஜபாய்.

"வாயப் பொத்து. ராஜையாவுக்குக் காண ஒக்கும்ணுதான் நூலு சொல்லுது. பய அடிச்சாண்ணு சொல்லேல்ல."

"எனக்க தலையில கைவச்சில்லா சொன்னான், அடிக்கேல்லண்ணு."

"பின்னே என்ன?"

அவர் சுவருக்குப் பூசும் புட்டி மாவைக் குழைத்தார். உருட்டிய மூலையில் அப்பி, கரண்டி முனையால் இழுத்து, மறுபடி சதுரமாக்கினார். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். ராஜபாய் உள்ளே போய் பிரஷ்ஷும் மஞ்சள் பெயின்டும் கொண்டுவந்தாள்.

"இவ்வளவு மஞ்சள் இல்ல. வெயிலடிச்சு வெளுத்ததாக்கும்" என்று கொஞ்சம் வெள்ளை கலந்து, ஈர மூலையில் அவளே பூசினாள்.

வெயில் தாழும் முன் பிரசீதா ஸ்கூட்டரில் வந்துவிட்டாள். கதவைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஹோ, கண்ணாடி உருண்டைகூட உண்டல்லோ! நீங்க பேசாம சினிமாவுக்கு செட் போடப் போகலாம், மேசிரி."

"கேசு முடிஞ்சா போலாம், வக்கீலே" என்றார். சிரிப்பு வரவில்லை.

"கோர்ட்டில இப்பிடியாக்கும் காட்டப் போறேன்" என்று அவள் நூலை ஆணியில் மாட்டினாள்.

"மெல்ல இழுங்க!" என்று அவர் கத்துவதற்குள் முறுக்கி இழுத்துவிட்டாள்.

வேகவைத்த மரச்சீனிக் கிழங்கில் இறங்குவதுபோல நூல் மூலைக்குள் இறங்கியது. ஈரப் புட்டி ஒரு துண்டாகக் கழன்று கதவில் விழுந்தது. அடியில் காய்ந்த, வழுவழுப்பான உருட்டு. நூல் நேராக நின்றது.

பிரசீதா விழுந்த துண்டை விரலால் தொட்டாள். விரலில் மஞ்சள் ஒட்டியது. தாளில் துடைத்துவிட்டு நூலைக் கழற்றிச் சுருட்டினாள்.

"மேசிரி, இதுதான் அந்தத் தூணுண்ணு நீங்கதான் சாட்சிக் கூட்டில ஏறி சத்தியம் பண்ணணும். என்னால இதக் கொண்டுபோக ஒக்காது."

அவள் பையை எடுத்தாள். ராஜபாய் சுவரோடு சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். சுந்தரதாஸ் வாசலை மறித்து நின்றார். கை முழுக்கப் புட்டி.

"ஈரமாக்கும். ஈரம் போகேல்ல, அதாக்கும் இப்பிடி. நாளைக்கு வா. காய்ஞ்சா நூலு அறுக்காது, மக்கா. காய்ஞ்சா அறுக்கவே அறுக்காது."