ஆறு குப்பித் தங்கம்

“அவங்ககிட்ட நீங்க மன்னிப்புக் கேக்கணும் சார். எல்லார் முன்னாடியும்.”

சொல்லிவிட்டேன். சாரின் கையில் பேனா மூடி திறந்தபடியே நின்றது. அவர்தான் என் ஆய்வு வழிகாட்டி. அவருக்கு முன்னால் என் பிஎச்.டி. ஆய்வுச் சுருக்கம் கிடந்தது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கான கோடு இன்னும் காலி. அரை நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போட்டிருப்பார். வாங்கிக்கொண்டு பிறகு பேசியிருக்கலாமே என்று யாரும் கேட்பார்கள். அம்மாவும் அதைத்தான் கேட்பாள். வாங்கிக்கொண்டால் பிறகு பேசமாட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், நான் இந்த லேப்பில் சேர்ந்த அன்று, பஸ் ஸ்டாப்பில் வைத்து அம்மா சட்டம் போட்டாள். “உள்ள போயிட்டா நான் உனக்கு யாரும் இல்ல. எல்லாரும் அக்கான்னு கூப்பிடுறாங்க, நீயும் அப்படியே கூப்பிடு. கழுவுறவ பொண்ணுன்னு தெரிஞ்சுது, உன் கையிலயும் பிரஷ்ஷைத்தான் குடுப்பாங்க. எனக்காக யார்கிட்டயும் எதையும் கேட்டுடாத. கேட்டேன்னு தெரிஞ்சா அன்னியோட வேலைய விட்டுடுவேன், பாத்துக்க.” அந்த லேப்பின் கண்ணாடிச் சாமான்களைக் கழுவுகிற வேலை அவளுக்கு. நான் வருவதற்கு எட்டு வருடம் முன்பிருந்தே. அவள் முதல் பஸ்ஸில் போவாள், நான் அடுத்ததில். பெற்ற தாயை மூன்று வருடமாக அக்கா என்று கூப்பிட்டேன். “அக்கா, இந்த பீக்கர் அவசரம்.” “அக்கா, பைப்பெட் காஞ்சிடுச்சா?” வீட்டுக்கு வந்ததும், “வாடி தங்கச்சி, கை கழுவிட்டு சாப்பிட உக்காரு” என்பாள். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு நானும் சிரிக்க ஆரம்பித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால்தான் உடம்பெல்லாம் எரிகிறது.

எங்கள் லேப்பில் தங்கம் சிவப்பாக இருக்கும். காதில் கிடக்கிற அதே மஞ்சள் தங்கம்தான். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஐயாயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம் என்கிற அளவுக்குப் பொடிசாகித் தண்ணீரில் மிதக்கும்போது அதன் நிறமே வேறு. வெளிச்சம் பட்டதும் துகளுக்குள் இருக்கிற எலக்ட்ரான்கள் எல்லாம் சேர்ந்து ஒரே தாளத்தில் ஆடுகின்றன. அந்த ஆட்டம் வெளிச்சத்தில் இருக்கும் பச்சையை விழுங்கிவிடும். மிச்சம் நம் கண்ணுக்குச் சிவப்பாக வந்து சேரும். துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகி நிற்கும்வரைதான் அந்தச் சிவப்பு. உப்பு கொஞ்சம் சேர்ந்தால் போதும், தள்ளுவதை விட்டுவிட்டு ஒட்டிக்கொள்ளும். ஆட்டத்தின் தாளம் மாறும், நிறம் ஊதாவாகி நீலமாகும். அதற்குப் பிறகு என்ன செய்தாலும் பழைய சிவப்பு வராது.

அதனால் தங்கம் வைக்கும் குப்பிகளைக் கழுவுவது சாதாரண வேலை இல்லை. சோப்புக்குப் பிறகு குழாய்த் தண்ணீர், அதன் பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் ஐந்து முறை. அம்மா உதட்டை அசைத்து எண்ணுவாள். கடைசியில் குப்பியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பாள். “தண்ணி தாள் மாதிரி ஒட்டி வழியணும். முத்து முத்தா நின்னா எங்கயோ அழுக்கு இருக்கு.” இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு இரண்டாம் வருடப் பாடத்தில் இதற்கு ஒரு படமும் அரைப் பக்க விளக்கமும் இருந்தன.

லேப்பின் மறுபக்க மேசை சின்ன சாருடையது. அவரும் மாணவர்தான். சார் இல்லாதபோது சார் மாதிரியே இருமுவதால் அந்தப் பெயர். அவர் செய்வது குறைக்கடத்தித் துகள்கள். புற ஊதா விளக்கின் கீழ் வரிசையாக வைத்தால் நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று எரியும். எல்லாம் ஒரே பொருள், அளவு மட்டும் வேறு. மிகப் பொடிசு நீலமாக ஒளிரும், பெரிசு சிவப்பாக. பொடிசு ஆக ஆக அதை ஒளிரவைக்க அதிகச் சக்தியுள்ள வெளிச்சம் வேண்டும். பெரிசுக்குச் சோப்ளாங்கி வெளிச்சமே போதும். சின்ன சார் இதை வருகிறவர்களுக்கெல்லாம் கையை ஆட்டி ஆட்டி விளக்குவார். நான் உள்ளுக்குள், எனக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொள்வேன்.

போன வெள்ளிக்கிழமை சாருக்கு ஒரு விருது அறிவித்தார்கள். கேக் வாங்கினார்கள். நான் அன்று முழுக்க வேறு கட்டடத்தில் நுண்ணோக்கி முன்னால் இருந்தேன். அம்மா எனக்காக ஒரு துண்டை வடிதாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். “உங்க மருந்து வெக்கிற ஃபிரிட்ஜ்லதான் வெச்சிருந்தாங்க. தின்னா ஒண்ணும் ஆகாதில்ல?” என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே தின்றேன். அந்த ஃபிரிட்ஜில் கீழ்த் தட்டில் என்னுடைய ஆறு குப்பித் தங்கம் இருந்தது. தண்ணீரில் இருக்கும் நஞ்சைக் காட்டும் பட்டை செய்கிற இன்னொரு ஆய்வகத்துக்குத் திங்கட்கிழமை அனுப்ப வேண்டியது. இரண்டு வாரம் நின்றுகொண்டே செய்தது. கேக்குக்கு இடம் எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்தேன். ஆறிலும் குடிதண்ணீர் மாதிரி தெளிவான நீர். அடியில் கறுப்பாகக் கொஞ்சம் தூள். ஒரு குப்பியில் முடி மாதிரி ஒரு விரிசல். சார் வந்தார், எல்லாரும் கூடினார்கள். சின்ன சார் இருமிவிட்டுச் சொன்னார்: “கழுவினதுல உப்புத் தண்ணி தங்கியிருக்கும் சார். விரிசல் வேற இருக்கு பாருங்க. எங்கயோ தட்டியிருக்காங்க.”

பதினோரு பேர் வட்டமாக நிற்க, அம்மாவை நடுவில் நிறுத்திக் கேட்டார் சார். “இதோட மதிப்பு தெரியுமா உனக்கு? என்ன பண்ணின?”

‘உனக்கு.’ அதுவரை நீங்க என்றுதான் பேசுவார்.

அம்மா குப்பியைப் பார்த்தாள். சின்ன சாரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சின்ன வயதில், விருந்தாளிகள் இருக்கும்போது வாயைத் திறக்காதே என்று பார்ப்பாளே, அது. “தெரியல சார்” என்றாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். ஈரமான கையுறையைக் கழற்றித் தொட்டி விளிம்பில் காயப்போட்டுவிட்டு அவள் வெளியே போனாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு கால், இரண்டு கை, ஒரு வாய் எல்லாம் இருந்தும் நின்றேன்.

அன்று மாலை வீட்டில் அம்மா சொன்னாள். காலை எட்டு மணிக்கு அவள் லேப்புக்குள் போனபோது சின்ன சார் அதற்கு முன்பே வந்திருந்தார். ஃபிரீசரில் இருந்து ஆறு குப்பிகளையும் எடுத்து வெந்நீர்த் தொட்டியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். உள்ளே எல்லாம் பனிக்கட்டி. வெள்ளிக்கிழமை கேக்குக்காக மேலே தூக்கி வைத்தது, மறந்துபோய் இரண்டு நாள் அங்கேயே கிடந்திருக்கிறது. தங்கத் தண்ணீரைக் குளிர்வைக்கலாம், உறையவிடக்கூடாது. உறைந்தால் பனிக்கட்டி துகள்களை ஒரு மூலைக்கு நெருக்கித் தள்ளிவிடும். நெருங்கியது நெருங்கியதுதான்.

“ஏம்மா அங்கயே சொல்லல?”

“சொன்னா? அவன் பேச்சைக் கேப்பாங்களா, என் பேச்சையா?” வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் பேசினாள். “நான் போனா ஒரு வேலை போச்சு. அவனைப் பகைச்சுக்கிட்டு நீ போனா மூணு வருஷம் போகும்டி. வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு.”

செவ்வாயும் புதனும் நான் சும்மா இல்லை. புதிதாகத் தங்கம் செய்தேன். இன்று காலை மூன்று சின்னக் குப்பிகளோடு சாரின் அறைக்கு வந்தேன். அவர் என் சுருக்கத்தைப் புரட்டி முடித்துப் பேனாவைத் திறந்த நேரத்தில்தான் அதைச் சொன்னேன்.

“யார்கிட்ட மன்னிப்பு?” என்றார் சார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

“கழுவுற அக்காகிட்ட.”

பேனாவைக் கீழே வைத்தார். “இங்க பாரும்மா. உணர்ச்சிவசப்படாத. படிச்ச பொண்ணு, சயின்டிஸ்ட் மாதிரி பேசு.”

“அப்படித்தான் சார் வந்திருக்கேன்.” முதல் குப்பியை மேசையில் வைத்தேன். “இது வெறும் குழாய்த் தண்ணில கழுவின குப்பி. வேணும்னே அரைகுறையா கழுவினேன். ரெண்டு நாளா சிவப்பாவே இருக்கு.” இரண்டாவதும் சிவப்பு. அதன் மூடியைத் திறந்து, காகிதத்தில் மடித்து வைத்திருந்த உப்பைக் கொட்டி ஆட்டினேன். சிவப்பு மங்கியது, ஊதாவானது, அவர் கண் முன்னாலேயே நீலமாக நின்றது. “உப்பு பட்டா இப்படி. இது ஃபிரீசர்ல வெச்சு எடுத்தது.” மூன்றாவதில் தெளிந்த நீர், அடியில் கறுப்புத் தூள். “திங்கக்கிழமை நாம பார்த்தது எது சார்?”

“உப்பு பட்டதும் ரெண்டு நாள் வெச்சா அடியிலதான் தங்கும்.”

“விரிசல்? உப்பு கண்ணாடியக் கீறுமா சார்? உள்ள தண்ணி உறைஞ்சு விரிஞ்சாதான் கீறும்.”

சார் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் குரல் இறங்கியிருந்தது. “எனக்குத் தெரியும். அன்னிக்கு மத்தியானமே அவன் வந்து சொல்லிட்டான். அழுதான் பாவம். எனக்காக வாங்கின கேக்குக்காகத்தானே எடுத்து வெச்சான்? அந்த ஆய்வகத்துக்கு ஒரு காரணம் எழுதணும். மருந்து ஃபிரிட்ஜ்ல கேக் வெச்சோம்னு எழுத முடியுமா? கழுவினதுல பிழைன்னு எழுதிட்டேன். முடிஞ்சு போச்சு. அவங்களுக்கு இது இல்லன்னா இன்னொரு இடம். அவன் எதிர்காலம் அப்படியா?”

திங்கட்கிழமை மத்தியானம். இன்று வியாழன். மூன்று நாளாகத் தெரிந்தே வைத்திருக்கிறார். நான் குப்பிகளோடு மல்லுக்கட்டி நிரூபிக்க வந்தது இவர் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது.

“அவங்க என் அம்மா சார்.”

சார் என் முகத்தைப் பார்த்தார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அதில் எதையோ தேடினார். மூக்கைப் பார்த்திருந்தால் போதும், அப்படியே அவளுடையது.

“அடடா” என்றார். “முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? இதை வேற மாதிரி பண்ணியிருக்கலாமே.”

அதுவரை என் கோபத்துக்கு ஓர் அளவு இருந்தது.

“வேற மாதிரின்னா எப்படி சார்? வேற யார் தலையிலயா? பெருக்க வர்றவங்க தலையிலயா, வாட்ச்மேன் தலையிலயா?”

அவர் பேனாவை எடுத்தார். சுருக்கத்தைத் தன் பக்கம் இழுத்து, நிப்பைக் கோட்டின் மேல் வைத்தார். “சரி விடு. திங்கக்கிழமையிலேருந்து அவங்கள வரச் சொல்லு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். இதுலயும் இப்பவே போட்டுடறேன். மன்னிப்பு கின்னிப்புன்னு பெரிசு பண்ணாத.”

அம்மா இங்கே இருந்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டிருப்பாள். அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. பதினோரு வருடம் ஐந்து முறை எண்ணிக் கழுவியவளுக்கு, செய்யாத தப்புக்குப் பெரிய மனது பண்ணி மன்னிப்பு வழங்குகிறார் இவர்.

“பதினோரு பேர் முன்னாடி கேட்டீங்க. பதினோரு பேர் முன்னாடி சொல்லுங்க.”

“அது நடக்காதும்மா.”

“சரி சார்.” குப்பிகளை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினேன்.

“எங்க போற? கையெழுத்து வேணாமா?”

“காலைல ஒன்பதரைக்கே இயக்குநர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன் சார். ஃபிரீசர், கேக், வெந்நீர், எல்லாம். சீல் போட்டு வாங்கிட்டாங்க. நீங்களா சொல்றீங்களான்னு கேட்டுட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.”

அந்தப் படிவத்தில், பாதிக்கப்பட்டவருக்கு நீங்கள் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. மகள் என்று எழுதினேன். இரண்டு தடவை அழுத்தி. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு அடிக்க வந்தாலும் வருவாள்.

சாரின் பேனா கோட்டின் மேலேயே நின்றது. மை ஊறிக் காகிதத்தில் ஒரு பொட்டு பரவுவதைப் பார்த்தேன். கதவைத் திறந்து லேப் வழியாக நடந்தேன். சின்ன சார் கடைசிச் சுத்தமான பீக்கரை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இருமினார். தொட்டியில் மூன்று நாள் சாமான்கள் குவிந்திருந்தன. சிவப்புப் படிந்த குடுவைகள், ஊதா வளையம் கட்டிய பீக்கர்கள், வாய் பிளந்து கவிழ்ந்த குப்பிகள். மேலே இருந்ததன் மீது குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. விழுந்த தண்ணீர் அதன் வயிற்றில் முத்து முத்தாக நின்றது. என் கை தானாக பிரஷ் பக்கம் போனது. அம்மாவின் கை அது, வேறென்ன செய்யும்.

இழுத்துக்கொண்டேன். வெள்ளைக் கோட்டைக் கழற்றினேன். எங்கள் கோட்டுகளுக்கு வாசல் பக்கம் வரிசையாகக் கொக்கிகள் உண்டு, ஒவ்வொன்றின் மேலும் பெயர். தொட்டிக்குப் பின்னால் சுவரில் அம்மா பை மாட்டுகிற ஒரு ஆணி, அதற்குப் பெயர் இல்லை. திங்கட்கிழமையிலிருந்து அது வெறுமனே இருந்தது. கோட்டை அந்த ஆணியில் மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, வெயிலுக்குள் நடந்தேன்.