மிச்சமிருந்த ஒரு சத்தம்

வெம்பக்குறிச்சியில் போட்டோகிராபர் கேமராவைக் கண்ணில் வைத்து ‘ரெடி’ என்று சொல்லிவிட்டால் எதிரே இருப்பவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். ‘டக்’ என்ற சத்தம் கேட்ட பிறகுதான் அசைவார்கள். நடுவில் அவர்களுக்குப் பசிப்பதில்லை, கால் வலிப்பதில்லை. காது மட்டும் கேட்கும். மற்ற ஊர்களிலும் ஏறக்குறைய இதுதான் வழக்கம் என்றாலும் வெம்பக்குறிச்சிக்காரர்கள் இதில் கொஞ்சம் கறார்.

அருவி ஸ்டூடியோ தர்மரின் மனைவி ஆவுடையம்மாள் அசைந்து இன்றோடு இருபத்தோரு நாள் ஆகிறது.

தர்மரிடம் பதினான்கு வருடமாக ஒரே கேமராதான். டி.எஸ்.எல்.ஆர். ரகம். உள்ளே ஒரு கண்ணாடி உண்டு. பொத்தானை அழுத்தினால் அது மேலே எகிறிக் கீழே விழும். நாதஸ்வரம் முழங்கும் மண்டபத்திலும் அந்த டக் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். ஒரே சத்தத்தில் நாற்பது பேரை அவிழ்த்துவிட்ட கேமரா அது. அதற்கு இரண்டு லட்சம் டக் ஆயுள் என்று வாங்கும்போதே எழுதிக் கொடுத்திருந்தார்கள். எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான். இரண்டு லட்சம் முடிந்ததும் கண்ணாடி மேலே போய் அங்கேயே இருந்துவிடும்.

முடிவு நெருங்குகிறது என்று தெரிந்ததும் திருநெல்வேலிக் கடைக்காரர் ஒருவர், ஒரு மாதம் வைத்துப் பாருங்கள் என்று புதுக் கேமரா ஒன்றைக் கொடுத்தனுப்பினார். மிரர்லெஸ். கண்ணாடியும் கிடையாது, சத்தமும் கிடையாது. எதிரே நிற்பவரின் கண்ணைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும். இருட்டு மண்டபத்தில்கூட மூக்குத்திக் கல்லின் பட்டை தெரியும். பழையதில் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கொஞ்சம் கஞ்சம். படத்தில் விழுவதில் ஓரத்தைக் காட்டாமல் முழுங்கிவிடும். புதியதில் அந்தப் பேச்சே இல்லை. கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதுதான் படம். தர்மர் அதைக் கையில் வாங்கிய அன்றே மயங்கிவிட்டார். ஐம்பது வயதில் மனிதனுக்கு மயங்குவதற்கு வேறு என்ன கிடைக்கிறது?

அன்று மதியம் ஆவுடை சாப்பாட்டுக் கேரியரோடு ஸ்டூடியோவுக்கு வந்தாள். அருவிப் படம் வரைந்த திரைக்கு முன்னால் நின்று, அவர் கையிலிருப்பதைப் பார்த்தாள்.

“இத மட்டும் நீங்க வாங்கிட்டீங்கன்னா, நான்…” என்றாள்.

அந்த ‘நானு’க்கு அப்புறம் வரப்போவதைக் கேட்கத் தர்மருக்குத் தைரியம் வரவில்லை. புதுசைக் கண்ணில் வைத்து ‘ரெடி’ என்றார். பேச்சின் நடுவில் இருந்தாலும் ‘ரெடி’ என்றால் சிரிப்பது ஊர் வழக்கம். ஆவுடை சிரித்தாள். தர்மர் பொத்தானை அழுத்தினார். படம் மிக நன்றாக வந்தது.

புதுசில் சின்னதாக ஒரு சத்தம் வரவழைக்கவும் வழி இருந்தது. மறுநாள் எல்.கே.ஜி. குரூப் போட்டோவில் அதை முயன்று பார்த்தார். பிள்ளைகள் அசைந்தார்கள். டீச்சர் அசையவில்லை. பழைய கேமராவை எடுத்து டீச்சரை அவிழ்த்துவிட வேண்டியதாயிற்று. பக்கத்து ஊர் மண்டபத்தில் இப்படி மிரர்லெஸ்ஸில் மாட்டிய ஒன்பது பேர் நான்கு வருடமாக மேடையில் நிற்கிறார்கள். ‘ரெடி’ சொன்னவரின் சொந்தக் கேமரா டக்கடித்தால்தான் அவிழ்வார்கள்; அந்தப் போட்டோகிராபர் தன் பழையதை எடைக்குப் போட்டிருந்தார். அங்கே கல்யாணம் நடத்துகிறவர்கள் அவர்களையும் சேர்த்தே படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆவுடை நின்ற அன்று பழைய கேமராவில் இருநூற்று நாற்பது டக் மிச்சம் இருந்தது. ஒன்றைச் செலவழித்தால் அவள் அவிழ்ந்துவிடுவாள். தர்மர் தினமும் காலையில் பழையதைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றார். தினமும் அதைக் கீழே வைத்தார். நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன் என்பாளோ? நான் அத எடுத்துக் கெணத்துல போட்ருவேன் என்பாளோ? ஒவ்வொரு நாளும் அந்த ‘நானு’க்கு ஒரு புது வால் முளைத்தது. அதற்குள் பாஸ்போர்ட் படம் என்று யாராவது வருவார்கள், புதுமனை புகுவிழா என்று யாராவது கூப்பிடுவார்கள். தர்மர் தாராளமாக டக்கடித்தார். ஒரே தாத்தாவை எட்டுத் தடவை எடுத்தார்.

அவளைக் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று மட்டும் சொல்லக்கூடாது. தினமும் முகத்தைத் துடைத்தார், பூ மாற்றினார், அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார், கடையில் நடந்ததையெல்லாம் சொன்னார். கல்யாணமான பதினெட்டு வருடத்தில் இவ்வளவு பேசியதில்லை. அவள் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளதைச் சொன்னால் அவருக்கு அது சுகமாகத்தான் இருந்தது. அது சுகமாக இருக்கிறது என்பதுதான் அவருக்குப் பயமாகவும் இருந்தது.

பதினெட்டாம் நாள் மாமியார் சுடலைவடிவு கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். இளைய மகள் செண்பகவல்லிக்கு வியாழக்கிழமை முகூர்த்தம். ஸ்டூடியோவுக்குள் வந்து மூத்த மகளின் முந்தானையைச் சரிசெய்து, நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு, இவள் எப்போது வருவாள் என்று கேட்டாள். தர்மர் வேலை அதிகம் என்பதுபோல் ஏதோ சொன்னார்.

“அக்காக்காரி இல்லாம குரூப் போட்டோ எடுத்தா நாலு பேரு என்ன சொல்லுவாவ, மாப்ள? நிக்கவளா இருந்தாலும் கூட்டிட்டு வாங்க” என்றாள் சுடலைவடிவு.

அவள் போனதும் தர்மர் பழைய கேமராவின் எண்ணைப் பார்த்தார். ஒரு லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. ஒரே ஒரு டக். அதுவும் தீர்ந்திருந்தால் யார்மேலும் குற்றமில்லாமல் போயிருக்கும்.

எந்தக் கேமராவைக் கொண்டுபோவது? மூன்று நாள் அதே யோசனைதான். தாலி கட்டுவது, பந்தி, பிள்ளைகள் ஓடுவதெல்லாம் ‘ரெடி’ சொல்லாமல் எடுக்கிற படங்கள், புதுசே போதும். குரூப் போட்டோ அப்படியல்ல. ‘ரெடி’ சொல்லாமல் வெம்பக்குறிச்சியில் யாரும் வரிசையில் நிற்க மாட்டார்கள். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை, சனிக்கிழமை விமானம். நிற்கிற நிலையில் இருப்பவரை விமானத்தில் ஏற்றுவதில்லை. ஆகவே பழையதைத்தான் எடுக்க வேண்டும். பழையதை எடுத்தால் அந்தக் கடைசிச் சத்தத்தில் மாப்பிள்ளையோடு ஆவுடையும் அவிழ்வாள். ‘நான்’ என்று நின்றது நூறு பேர் முன்னிலையில் முடியும்.

வியாழக்கிழமை காலையில் சுமை வண்டி ஓட்டும் இசக்கி தன் குட்டியானையைக் கொண்டுவந்து ஸ்டூடியோ வாசலில் நிறுத்தினான். சுடலைவடிவு முன்னதாகவே வந்து மகளுக்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டுப் போயிருந்தாள். வண்டியில் ஏற்றும்போது இசக்கி, அக்காவைப் படுக்க வைக்கவா என்று கேட்டான்.

“வேண்டாம், நிக்க வச்சே கட்டு. புடவை கசங்கிரும்” என்றார் தர்மர்.

முகூர்த்தம் நல்லபடியாக நடந்தது. புதுக் கேமரா ஒரு கண்ணையும் தவறவிடவில்லை. பிறகு மேடையில் பதினான்கு பேர் வரிசையாக நின்றார்கள். தர்மரும் இசக்கியுமாக ஆவுடையைத் தூக்கிக்கொண்டுபோய் வலது கோடியில், மாமனாருக்கு அடுத்தபடி வைத்தார்கள். தர்மர் தன் இடத்துக்கு வந்து பழைய கேமராவைக் கண்ணில் வைத்தார். கை ஈரமாக இருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார்.

ஆவுடை ஓரத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். தர்மர் கேமராவை ஒரு மயிரிழை இடதுபக்கம் திருப்பினார். அவள் தோள் மறைந்தது. இன்னும் ஒரு மயிரிழை. முகம் மறைந்தது. வியூஃபைண்டரில் இப்போது மாமனாரோடு வரிசை முடிந்தது. படத்தில் இல்லாதவரை எந்தச் சத்தமும் அவிழ்க்காது என்பது தொழிலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். சுடலைவடிவு நடுவில் இருந்து குரல் கொடுத்தாள்.

“ஆவுடை தெரியுதாளா, மாப்ள?”

“தெரியுதாள், அத்தை” என்றார் தர்மர்.

‘ரெடி’ என்றார். பதினான்கு பேரும் நின்றார்கள். அவர் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. நாதஸ்வரக்காரர் ஊதிக்கொண்டிருந்தார், சமையல்கட்டில் யாரோ வாளியை இழுத்தார்கள், மேடையில் ஒருவர்கூட இமைக்கவில்லை. மாப்பிள்ளையின் நெற்றியில் ஒரு வியர்வைத் துளி பாதி வழியில் நின்றிருந்தது. தர்மர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முழு விரலாலும் அழுத்தினார்.

டக்.

வியூஃபைண்டர் இருண்டது. கண்ணாடி மேலே போய்விட்டது. மேடையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள், மாப்பிள்ளை நெற்றியைத் துடைத்தார். தர்மர் கேமராவை இறக்கிப் பெருமூச்சு விட்டார்.

“…இந்தப் பழச எடுத்துக்கிடுதேன்” என்றது ஆவுடையின் குரல்.

அப்போதுதான் அவருக்கு அந்தக் கஞ்சத்தனம் நினைவுக்கு வந்தது. பழைய வியூஃபைண்டர் ஓரத்தைக் காட்டாது. காட்டாத ஓரமும் படத்தில் விழும். பதினான்கு வருடம் தெரிந்த விஷயம். மூன்று வாரம் புதியதில் பார்த்துப் பழகிய கண் அதை மறந்துவிட்டது.

ஆவுடை பாதிதான் அவிழ்ந்திருந்தாள். படத்துக்குள் விழுந்த வலது பாதி அவரைப் பார்த்தது. விழாத இடது பாதி இருபத்தோரு நாள் சிரிப்பை அப்படியே சிரித்தது. அவள் வலது காலை எடுத்து வைத்தாள். இடது கால் கூடவே இழுபட்டு வந்தது. சுடலைவடிவு மகளின் வலது கையில் ஒரு வெற்றிலைத் தட்டைக் கொடுத்துவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போனாள்.

பாதி வாயால் பேசினாலும் சொற்கள் முழுதாகவே வந்தன. “நீங்க புதுச வாங்கிட்டீங்கன்னா நான் இந்தப் பழச எடுத்துக்கிடுதேன்னு சொல்ல வந்தேன். ஞாயித்துக்கிழமைல பொம்பளைப் பிள்ளைகள நான் எடுக்கலாம்னு நெனச்சிருந்தேன். இருநூத்தி நாப்பது இருந்துச்சுல்லா, பழகுறதுக்குக் காணும்னு.”

தர்மருக்கு வெட்கமாக இருந்தது. எந்தக் கேமரா என்று மூன்று நாளாக மண்டையைக் குடைந்துகொண்டதில், கேமரா இரண்டு, ஆளும் இரண்டு என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அவளுடைய டக்குகளைத்தான் அவர் தாத்தாவுக்கு எட்டாகக் கொடுத்திருக்கிறார்.

அவள் படத்தைக் காட்டச் சொன்னாள். பழைய கேமராவின் பின்பக்கத் திரையில் பதினான்கு பேர் இருந்தார்கள். வலது கோடியில் அரை ஆவுடை இருந்தாள். வலது கண்ணால் வெகுநேரம் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவுக்காகக் கையை நீட்டினாள். தர்மர் கொடுத்தார்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றாள்.

“அதுல இனிமே சத்தம் வராது, ஆவுடை.”

“தெரியும்.”

தர்மர் தள்ளி நின்றார். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். அவள் கேமராவை வலது கண்ணில் வைத்தாள். அதற்குள் இருட்டாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் நடுவில் நிற்கிறோமா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“ரெடி” என்றாள் ஆவுடை.

தர்மர் சிரித்தார்.

பந்தி முடிந்து, மேடைப் பூவைப் பிரித்து, மண்டபம் பாதி காலியானபோது இசக்கி கயிற்றோடு வந்தான். தர்மரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். வண்டியில் வாழைத்தாரும் ஏறுவதால் அண்ணாச்சியைப் படுக்க வைத்தால் இடம் மிச்சமாகும் என்றான். தர்மருக்கு அது தெளிவாகக் கேட்டது.

ஆவுடை புதுக் கேமராவை வலது தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். பழையது அவள் இடது கையில், வைத்த இடத்தில் இருந்தது.

“வேண்டாம், நிக்க வச்சே கட்டு” என்றாள். “சட்டை கசங்கிரும்.”