கண்டக்டர் என்று யாரும் கூப்பிடவில்லை

விமானம் ஓடுதளத்தைத் தாண்டிப் போய்ச் சேற்றில் மூக்கைக் குத்திக்கொண்டதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். நெல்லித்தோப்பில் விமல்ராஜ் வீட்டு மொட்டை மாடி. லீவில் புதுச்சேரிக்கு வரும் பைலட்டுகள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடும் இடம் அது. கனகசெட்டிக்குளத்திலிருந்து வந்த வஞ்சிர மீன் தட்டுகளில் ஆறிக்கொண்டிருந்தது. தண்ணீர் தேங்கி டயர் வழுக்கியிருக்கும் என்றார் ஒருவர். பின்காற்று தள்ளியிருக்கும் என்றார் இன்னொருவர். பிரேக்கில்தான் கோளாறு என்று சக்கரபாணி அடித்துச் சொன்னார். ரிட்டயர் ஆன நாளிலிருந்து எந்த ஊர் விபத்துக்கும் அவர் பிரேக்கைத்தான் பிடிப்பார்.

இத்தனையும் சிந்துஜாவை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு. அந்த விமானத்தின் கோ-பைலட்டே அவள்தான். பிள்ளை பெற்றவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே குழந்தை ஆணா பெண்ணா என்று ஊரார் பந்தயம் கட்டுகிற மாதிரி இருந்தது. விபத்து நடந்ததிலிருந்து அவள் பறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மறுபடி விசாரணைக் குழு முன்னால் போய் நிற்க வேண்டும். லைசென்ஸ் கையில் தங்குமா, போகுமா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். வேலை பார்த்த மில் மூடிய பிறகு அவள் அப்பா பார்க்காத வேலையெல்லாம் பார்த்து அவளை அந்த சீட்டில் உட்கார வைத்திருந்தார்.

இன்னொன்றும் அவள் மனதை உறுத்தியது. வந்ததிலிருந்து ஒருவர்கூட அவளைக் கண்டக்டர் என்று கூப்பிடவில்லை. 'வா சிந்துஜா', 'சாப்பிடு சிந்துஜா' என்று பெயரைக் கழுவித் துடைத்துப் பரிமாறினார்கள். பாவம், நொந்துபோயிருக்கிறாள், கிண்டல் வேண்டாம் என்று விட்டிருப்பார்கள் என்று அவளே அவர்களுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். நல்லவர்களுக்கு வரும் வியாதி அது.

விபத்துக்குக் காரணம் அவளுக்குத் தெரியும். அன்றைக்கு விமானத்தை இறக்கியவர் கேப்டன் தேவதாஸ். கொட்டுகிற மழையில் ஓடுதளம் பாதி கடந்தும் சக்கரம் தரையைத் தொடவில்லை. அப்படியானால் இறங்கக் கூடாது, மறுபடி மேலே எழும்பிவிட வேண்டும். அதற்கு 'கோ அரவுண்ட்' என்று ஆங்கிலத்தில் சொல்வதுதான் விதி. சிந்துஜாவின் வாயில் வந்தது 'போலாம் சார்'. ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னாள். அவர் இறக்கிவிட்டார். எல்லாரும் உயிரோடு வெளியே வந்தது அவர்கள் செய்த புண்ணியம்.

அந்தப் 'போலாம்' அன்றைக்குப் புதிதாக முளைத்ததல்ல. முன்னொரு தடவை காற்று சுழற்றியடித்த காலையில் பதற்றத்தில் அவளுக்கு அதே தமிழ்தான் வந்தது. தேவதாஸ் அப்போது கண நேரம் தயங்காமல் விமானத்தை மேலே தூக்கினார். அப்புறமாவது அதட்டித் திருத்தியிருக்கலாம். மாறாகச் சிரித்தார். நம்ம ஊர்ப் பெண் நம்ம பாஷை பேசுகிறாள் என்று தட்டிக்கொடுத்தார். இருவருக்குள்ளும் அதுவே வழக்கமாகிப்போனது. பொங்கலுக்கு இதே மாடியில் அந்தக் கதையை அவரே நடித்துக் காட்டினார்: இவள் கோ அரவுண்ட் சொல்ல மாட்டாள், பஸ் கண்டக்டர் மாதிரி போலாம் என்பாள், நானும் மேலே தூக்கிவிடுவேன் என்று. எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கண்டக்டர் என்ற பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான்.

விபத்துக்கு மறுநாள் கழுத்தெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்த தேவதாஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ சொன்னப்பவே தூக்கியிருக்கணும்மா. எறக்கிடலாம்னு நெனச்சுட்டேன். நானே கமிட்டில சொல்லிடறேன். நீ முந்திக்காத" என்றார். அவள் முந்திக்கொள்ளவில்லை. முதல் விசாரணையில் கேட்டபோது, பதற்றத்தில் என்ன பேசினோம் என்று சரியாக நினைவில்லை என்றாள். பெரிய மனிதர், ரிட்டயர் ஆகப்போகிற நேரம், அவர் வாயாலேயே சொல்லட்டும் என்று இருந்துவிட்டாள்.

பிரேக், காற்று, மழை எல்லாம் ஒரு சுற்று ஓய்ந்ததும் விமல்ராஜ் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டான். அவன் தேவதாஸின் மாப்பிள்ளை. அதே கம்பெனியில் கேப்டன். மற்றவர்களுக்குப் பதவி உயர்வுத் தேர்வு நடத்துகிறவனும் அவன்தான். மாமா நேற்று கமிட்டியிடம் பேசிவிட்டார் என்றான். சிந்துஜாவுக்கு நெஞ்சு லேசானது, அவ்வளவு சீக்கிரம் லேசாகியிருக்கக் கூடாது.

"நீ போலாம்னு சொன்னியாமே. எறங்கிப் போலாம்னு சொல்றதா மாமா நெனச்சுட்டாராம்" என்றான் விமல்ராஜ்.

மாடியில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எல்லாருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. இத்தனை நேரம் மழை, டயர், பிரேக் என்று அலசியதெல்லாம் இந்தப் பேச்சு வரும்வரை இலை போட்டுக் காத்திருந்ததுதான்.

விமல்ராஜ் பதமாகவே பேசினான். பேச்சைப் பதிவு செய்த பெட்டியில் அந்த வார்த்தை இருக்கும், ஆனால் அதற்கு அர்த்தம் இருக்காது என்றான். விதியை மீறித் தமிழில் சொன்னது என் தப்பு என்று அவளே ஒத்துக்கொண்டால், சின்னப் பெண் என்று கொஞ்ச நாள் பயிற்சிக்கு அனுப்பிவிடுவார்கள், கம்பெனியில் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். மாமாவுக்கு இந்த வயதில் கெட்ட பெயர் வேண்டாமே என்றான்.

தமிழில் சொன்னது தப்பு, அதை அவள் எங்கே வேண்டுமானாலும் ஒத்துக்கொள்வாள். அர்த்தம் புரியவில்லை என்பது பச்சைப் பொய்.

"எனக்கு ஏன்ணா கண்டக்டர்னு பேரு வச்சீங்க?" என்று கேட்டாள்.

விமல்ராஜ் தட்டைப் பார்த்தான். சக்கரபாணி இல்லாத முள்ளைத் தேடி மீனைக் கிண்டினார். சும்மா கிண்டலுக்கு வைத்தது, யாருக்கு ஞாபகம் இருக்கிறது என்று விமல்ராஜ் முனகினான். பொங்கலன்று எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தவன் அவன்.

அவள் ஹேமலதாவைப் பார்த்தாள். ஒரே பேட்ச், ஒரே ரூம், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். வீட்டிலேயே அடைந்து கிடக்காதே, மனசு மாறும் என்று காலையில் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்ததே ஹேமாதான். அடுத்த மாதம் ஹேமாவுக்குக் கேப்டன் தேர்வு. நடத்தப்போகிறவன் விமல்ராஜ். ஹேமா தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். யார் சொல்லி அவள் கூட்டி வந்தாள் என்று சிந்துஜா கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள இனி ஒன்றுமில்லை.

கையைக் கழுவிவிட்டு வந்தாள். நாற்காலிகளுக்கு நடுவில் நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"ஹேமா, போலாம்."

ஹேமா எழுந்தாள். எங்கே என்று கேட்கவில்லை, மேலேயா கீழேயா என்று கேட்கவில்லை. நாற்காலிக்கு அடியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்தாள், பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தாள், படிக்கட்டு பக்கம் ஓர் அடியும் வைத்துவிட்டாள். பழக்கம் அப்படி.

சிந்துஜா திரும்பி விமல்ராஜைப் பார்த்தாள். "அவளுக்குப் புரியுதுண்ணா" என்றாள்.

தான் என்ன செய்துவிட்டோம் என்பது ஹேமாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. விமல்ராஜின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் பின்னால் வந்து, ஹெல்மெட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"நீ முன்னாடி போடி. நான் பின்னாடியே வரேன்" என்றாள்.

அதற்கும் அர்த்தம் சிந்துஜாவுக்குப் புரிந்தது. படியிறங்கித் தெருவுக்கு வந்து, தன் வீட்டுப் பக்கம் நடந்தாள்.