சளி எடுக்கும் மெஷின்

பொன்னுதாஸ் மெஷினின் சுவிட்சைப் போட்டபோது மணி இரண்டு பத்து. மேசைமேல் கிடாரின் முகப்பலகை உட்புறம் மேலாகக் கிடந்தது. அதன்மேல் பசை தடவி வைத்த ஏழு மெல்லிய சட்டங்கள். எல்லாவற்றையும் மூடி, மழைக்காலத்தில் ரப்பர் மரங்களுக்குப் பாவாடைபோலக் கட்டும் பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரங்களை மேசையோடு தார் வைத்து அடைத்திருந்தான். மெஷின் உள்ளிருந்த காற்றை இழுக்க இழுக்கத் தாள் சுருங்கியது. சட்டங்களின் விளிம்புகள் ஒவ்வொன்றாகத் தெரிய, எல்லா இடத்திலும் ஒரே அழுத்தமாகப் பலகையை இறுக்கிப் பிடித்தது. ஒரு மணி நேரம் இப்படியே இருந்தால் போதும்.

வெள்ளறடையில் அந்தப் பட்டறையை அண்ணனும் தம்பியுமாகப் பதினெட்டு வருடம் நடத்தினார்கள். முதலில் கட்டில், மேசை. பிறகு ரெத்தினதாஸ் அண்ணனுக்குச் சபைப் பாடகர் குழுவில் கேட்ட கிடார்மேல் ஆசை வந்து, அதைச் செய்யப் படித்துக்கொண்டார். பசை காய்வதற்குள் நாலு கைகள் பதினாலு கிளாம்பை முடுக்கிவிடும். அண்ணன் இறந்த பிறகு, போன மாதம் பொன்னுதாஸ் தனியாக ஒரு பலகைக்குக் கிளாம்ப் போட்டான். ஒரு பக்கம் அதிகம் இறுகி, மறுபக்கம் இறுகாமல், சட்டங்கள் விட்டுப்போய்ப் பலகையும் கீறிக்கொண்டது. பக்கவாதம் வந்து விழுவதற்கு முந்தின வாரம் அண்ணன் இழைத்து வைத்தவை இரண்டு பலகைகள். இது இரண்டாவது.

காற்றை இழுத்து ஒட்டலாம் என்று தெரியும். அதற்கான பம்பு வாங்க வழியில்லை. அப்போதுதான் அண்ணனின் கட்டிலுக்கடியில் இருந்த மெஷின் நினைவுக்கு வந்தது. கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்துக் கிடந்த பதினாலு மாதமும் அவருக்குச் சளி எடுத்தது அதுதான். எடுத்தவள் அண்ணனின் மனைவி, பிரேமகுமாரி மயினி. அவளிடம் கேட்டபோது, "எடுத்துக்க. எனக்குச் சத்தம் கேக்கப்பிடாது" என்றாள்.

அதனால் அவள் பாறசாலைக்குப் போகிற நாளாகப் பார்த்து வைத்திருந்தான். நாலு மணிக்கு முன்னால் வரமாட்டாள்.

இரண்டரைக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மயினி வேகமாக நடந்து வந்தவள், பட்டறை வாசலில் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சட்டென்று நின்றாள். ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது.

"தம்பி, அத ஆஃப் செய்யி."

"மயினி, நீங்க நாலு மணிக்காக்கும் வருவீங்கன்னு…"

"சத்தத்துக்காவ இல்ல. ஷீனா சிஸ்டர் போன்ல விளிச்சா." படுக்கையில் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸ் ஷீனாதான் அண்ணனையும் வாரம் ஒருமுறை வந்து பார்த்துக்கொண்டிருந்தவள். "ஆரியங்கோட்டுல ராஜையான்னு ஒருத்தரு. உங்க அண்ணனப் போலத்தான், கழுத்துல குழாய். அவங்க மெஷின் எரிஞ்சுபோச்சு. கால்ல மிதிக்கிய பம்ப வச்சு மக ஒத்தைக்குச் சமாளிக்கா. வேற மெஷின் ராத்திரிதான் வருமாம்."

பொன்னுதாஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "இப்ப எடுத்தா இது போயிரும், மயினி. அண்ணன் எழச்ச பலகையாக்கும். ஒரு நாப்பது நிமிசம் உண்டுன்னா…"

"சளி அடச்சா நாப்பது நிமிசம் நிக்காது." அவள் குரல் உயரவில்லை. "உனக்கு அது தெரியாது. நீ முறிக்குள்ள வந்ததில்லல்லா."

உண்மைதான். அண்ணன் கிடந்த அறையிலிருந்து மோட்டார் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் பட்டறையில் அறுப்பு மெஷினை ஓடவிட்டிருக்கிறான். அறுக்க மரம் இல்லாத நாளிலும். அது அவளுக்குத் தெரியாது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

சுவிட்சை அணைத்தான். குழாயை உருவியதும் தாள் தளர்ந்து, சட்டங்களை விட்டு மெல்ல எழும்பியது. மயினி மெஷினைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். ஜாடியைக் கொதிநீரில் இரண்டுமுறை கழுவினாள். அலமாரியிலிருந்து பிரிக்காத குழாய்ப் பொட்டலங்களை எடுத்தாள். ஆறு மாதமாக அவற்றை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை, எறியவும் இல்லை. மெஷினை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறும்போது, "எப்பிடின்னு நான் காட்டிக் குடுக்கணும். அதுக்க திருகு கொஞ்சம் லூசு" என்றாள்.

அவன் தாளைக் கிழித்தெறிந்துவிட்டுக் கைக்குக் கிடைத்த கிளாம்புகளை முடுக்கினான். கிளாம்பு எட்டாத நடுப்பகுதியில் அம்மிக்குழவியைத் துணி சுற்றி வைத்தான். மீதி இடத்தை இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திக்கொண்டு கை மரத்துப்போகும்வரை நின்றான். நாலு மணிக்கு எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தான். ஆறு சட்டங்கள் பிடித்திருந்தன. நடுச்சட்டத்தின் ஒரு முனைக்கடியில் செய்தித்தாளின் ஓரம் தடையில்லாமல் போய் வந்தது.

ஐந்தரை மணிக்கு மயினியைக் கூட்டிவர ஸ்கூட்டரில் ஆரியங்கோட்டுக்குப் போனான். அந்த வீட்டு முற்றத்திலேயே நின்றுவிடலாம் என்றுதான் வந்தான். ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

கட்டிலில் ராஜையா நரைத்த தாடியோடு கண் திறந்து கிடந்தார். பக்கத்தில் அவர் மகள் பிஜி, கையுறை போட்ட கையில் குழாயைப் பிடித்திருந்தாள். அவளுக்கு முப்பது வயதிருக்கும். குழாயை அப்பாவின் கழுத்தருகே கொண்டுபோய்ப் பாதியில் நிறுத்தினாள்.

"மக்கா, பயப்படாண்டாம்," என்றாள் மயினி. "பத்து எண்ணுததுக்குள்ள வெளிய எடுத்திரணும். அதுக்குமேல போனா அப்பாவுக்கு மூச்சு கிட்டாது. இந்தமுற நீயே செய்யி. நான் தொடல்ல."

சொல்லிவிட்டுக் கட்டிலை விட்டு விலகி, கதவோரம் பொன்னுதாசின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பலக?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நடுவுல ஒரு முன விட்டிருக்கு."

மயினி தலையசைத்தாள். பிஜி சுவிட்சைப் போட்டாள். மோட்டார் சத்தம் அந்தச் சின்ன அறையை நிறைத்தது. ராஜையாவின் மார்பு தூக்கிப்போட்டது; விரல்கள் போர்வையைப் பற்றின. பொன்னுதாஸ் வாசல்பக்கம் திரும்பவில்லை. பக்கத்தில் மயினி கண்ணை மூடியிருந்தாள். அவள் உதடுகள் மட்டும் சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தன.