பச்சைப் பக்கம் திரும்பிய டோக்கன்

அந்தக் குளிர்பதனக் கிடங்கில் ஒரு விதி உண்டு. உறைகுளிர் அறைக்குள் போகிறவர் வாசல் பலகையில் தன் டோக்கனைச் சிவப்புப் பக்கமாகத் திருப்ப வேண்டும். வெளியே வந்ததும் பச்சைப் பக்கம். அவரவர் டோக்கனை அவரவர்தான் தொட வேண்டும். எல்லாம் பச்சையாக இருந்தால்தான் காவலாளி கதவுகளைப் பூட்டுவார்.

நெட்டையனுக்கு வெளியே வந்தால் டோக்கன் ஞாபகமே வராது. இருபத்தெட்டு வயது, ஆறடி உயரம், மறதி அதைவிட உயரம். ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியாகிவிட்டது. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். அதனால் நான்கு மாதமாக அவன் டோக்கனைத் திருப்புவது அக்காவின் வேலை. அதே கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவள் அவள். தம்பிக்காக இதுகூடச் செய்யக்கூடாதா என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொள்வாள்.

அன்று மூன்று மணி இடைவேளையில், புதிதாக வாங்கிய வயர் இல்லாத இயர்போனோடு அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். போனில் அது தென்படவே இல்லை.

"கொடுக்கா இப்படி. டப்பாவைத் திறந்து வச்சு இந்த பட்டனை அழுத்திப் பிடிக்கணும். நீ தடவிக் கொடுத்தா அது எப்படி கனெக்ட் ஆகும்?"

"ஆமா, நீ பெரிய விஞ்ஞானி. உன் போனே ரெண்டு நாளா ரிப்பேர் கடையில கிடக்கு."

சின்ன விளக்கு மினுக்கியது. இணைந்துவிட்டது. சோதித்துப் பார்க்கிறேன் என்று இரண்டையும் காதில் செருகி, ஒரு பாட்டைப் போட்டுத் தலையாட்டினான். அதற்குள் லாரி வந்துவிட்டதென்று மேற்பார்வையாளர் கத்த, கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான்.

"டேய், என் இயர்போன்!"

"பல் டாக்டர்கிட்ட போகணும்கா. நாலரைக்கே கிளம்பிடுவேன். வீட்டுல வந்து தர்றேன்."

ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது. பலகையில் ஒரே ஒரு டோக்கன் சிவப்பாகத் தொங்கியது. யாருடையது என்று பார்க்கவே வேண்டாம். வழக்கம்போலத் திட்டிக்கொண்டே பச்சைக்குத் திருப்பினாள். காவலாளி நான்கு கதவுகளையும் பூட்டினார். மற்றவர்கள் கிளம்பிப் போனார்கள். அவள் லேபிள் கணக்கை முடித்துக்கொண்டு எழும்போது ஐந்தரை ஆகியிருந்தது.

உறைகுளிர் அறைகளை ஒட்டிய நடையில் வரும்போது கணவர் கூப்பிட்டார். எண்ணி எண்ணிப் பேசுகிற மனிதர்.

"முட்டை வாங்கவா?"

"ஒரு டஜன் வாங்குங்க. அவனும் சாப்பிட வருவான்..."

பதில் இல்லை. போனில் சத்தமே அடங்கிவிட்டது. "ஹலோ, ஹலோ" என்றபடி நடந்தாள். பத்து அடி தாண்டியதும் கணவரின் குரல் திரும்ப வந்தது. அந்தக் குரல் சரியில்லை.

"உன் பக்கத்துல யாரு? பல்லு கடகடன்னு அடிக்குது. 'மாமா'ன்னு கூப்பிட்டாங்க."

அவரை மாமா என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான்.

போனைக் கண் முன்னால் பிடித்தபடி வந்த வழியே திரும்பினாள். முதல் கதவு, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. மூன்றாவது கதவருகே போனதும் கணவரின் குரல் அறுந்தது. அவன் காதிலிருந்த இயர்போனின் படம் திரையில் முளைத்தது. இணைந்துவிட்டது.

கதவைத் தட்டினாள். ஒரு முழம் கனமான கதவு, உள்ளே என்ன கேட்கும்? உள்ளிருந்து தள்ளித் திறக்கும் குமிழ் ஐஸ் கட்டி இறுகிப்போகிறதென்று போன வாரம்தான் எல்லோரும் முணுமுணுத்தார்கள். உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. பூட்டி அரைமணிக்கு மேல் ஆகிறது. பூட்டியது காவலாளி, பூட்ட வைத்தது அவள் கை.

சில அடி விலகி ஓடினாள். கணவரின் குரல் மறுபடி வந்தது.

"என்னங்க, அவன் உள்ள மாட்டிக்கிட்டான். நீங்க பேசுறது அவன் காதுல விழும். தூங்க விடாதீங்க. எதையாவது பேசிக்கிட்டே இருங்க, நிறுத்தாதீங்க!"

போனைக் கதவடியில் தரையில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். கால் தரையில் பாவவில்லை.

காவலாளி நிதானமாகப் பலகையைக் காட்டினார். "எல்லாம் பச்சையா இருக்கேம்மா. உள்ள ஆள் இல்லைன்னு நான் கையெழுத்தே போட்டாச்சு. மேற்பார்வையாளர் சொல்லாம திறக்க முடியாது."

சொன்னால் தம்பி வேலை போகும். அவள் வேலையும் போகும். நான்கு மாதமாகப் பயந்து பயந்து காப்பாற்றிய வேலை. அந்த ஒரு நொடி வாயைத் திறக்காமல் நின்றதை நினைத்துத்தான் பின்னால் அவள் பல நாள் அழுதாள்.

"அதை நான்தான் திருப்பினேன்ணே. அவன் வெளியே வந்ததை நான் பார்க்கல. தினமும் நான்தான் திருப்புறேன். சாவியை எடுங்க!"

அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாவிக்கொத்தோடு அவளுக்கு முன்னால் ஓடினார்.

கதவு திறந்தபோது வெண்புகை முகத்தில் அறைந்தது. கதவை ஒட்டியே உட்கார்ந்திருந்தான். இமையெல்லாம் உறைபனி, உதடு நீலம். குமிழை இடித்து இடித்துக் கையுறை கிழிந்திருந்தது. அவள் அவன் பெயரைச் சொல்லி அலறினாள். கண் திறக்கவில்லை. உலுக்கினாள். திறக்கவில்லை.

பிறகு அவன் உதடு அசைந்தது.

"மாமா... முட்டைக்கடைக்காரர் கூட... சண்டை போட்டுட்டு இருக்காருக்கா."

தரையில் கிடந்த போனில் அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நிமிடம். கல்யாணமான இந்தப் பதினோரு வருடத்தில் அந்த மனிதர் சேர்ந்தாற்போல் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

லாரிச் சரக்கு முடியாததால் நாலரைக்குக் கிளம்பாமல் உள்ளேயே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறான். ஆம்புலன்ஸ் அவனை ஏற்றிக்கொண்டு போனது. பிழைத்துக்கொள்வான் என்றார்கள். இரண்டு விரல் மட்டும் சந்தேகம் என்றார்கள்.

மறுநாள் விசாரணைக்கு வந்தவள் வாசலில் நின்றுவிட்டாள். முந்தின நாள் குழப்பத்தில் யாரோ அவன் டோக்கனைச் சிவப்புக்கு மாற்றியிருந்தார்கள். காவலாளி அதைப் பச்சையாக்கக் கை நீட்டினார்.

அவள் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்ணே. அவன் வந்து திருப்பட்டும்."