வேலியோரத்து ஹைட்ரேஞ்சியா

மலேசியாவின் செர்டாங்கில் காஞ்சனாவும் ஜெயகுமாரும் வாங்கிய வீடு, பழைய ரப்பர்த் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் இருந்தது. வாசலில் செம்மண்ணும் சரளைக்கல்லும்தான். காலையில் விழும் வெயில் சாயங்காலம்வரை நகராது. அந்த இடத்தில்தான் காஞ்சனா, கேமரன் மலையிலிருந்து கொண்டுவந்த மூன்று ஹைட்ரேஞ்சியாச் செடிகளை நட்டாள்.

"குளிர்ல வளர்ற செடி லா இது. இங்க எப்படி நிக்கும்?" என்றான் ஜெயகுமார்.

அவள் விடவில்லை. குழியை அகலமாகத் தோண்டி மக்கிய மாட்டெரு போட்டாள். வேரைச் சுற்றிச் செம்பனை நார் பரப்பினாள். மேலே கறுப்பு வலை கட்டினாள். அப்படியும் வாசற்படிப் பக்கம் இருந்த இரண்டும் கருகின. வேலியோரத்தில் இருந்தது மட்டும், வலைகூட எட்டாத இடத்தில், கரும்பச்சையாகத் தழைத்தது. உச்சி வெயிலில்கூட ஓர் இலை துவளவில்லை.

தஞ்சோங் டாவாயில் தங்கைக்குப் பிள்ளை பிறந்தபோது, கணவனோடு போய் ஒரு வாரம் தங்கினாள். சொட்டு மழையில்லாத வாரம். செடி செத்திருக்கும் என்று நினைத்தபடியே வந்து இறங்கினாள். நீலப் பூங்கொத்து ஒன்று கையகலத்துக்கு விரிந்திருந்தது. அடிமண் சொதசொதவென்று ஈரம்.

எதிர்வீட்டுப் பிரேமாவதியைத் தேடிப் போனாள்.

"செடிக்குத் தண்ணி ஊத்துனதுக்கு ரொம்ப நன்றிக்கா."

"நான் எங்க ஊத்துனேன்? நீதானே தினமும் மத்தியானம் ஊத்துற. தலையில துண்டக் கட்டிக்கிட்டு, வாளியோட."

"நான் வீட்டுலயே இல்லக்கா. இப்பதான் வந்தேன்."

பிரேமாவதி அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். "உங்க வீடு இருக்கிற எடத்துலதான் முன்ன ரப்பர் நாத்து போட்டிருந்தாங்க. பொம்பளைங்க வெயில்ல நின்னு தண்ணி ஊத்துவாங்க. ஒருத்தி மயங்கி விழுந்து அங்கயே போயிட்டா. பேருகூட எனக்கு ஞாபகம் இல்ல."

மறுநாள் ஜெயகுமார் வேலைக்குப் போயிருந்தான். மத்தியானம் காஞ்சனா ஜன்னலோரம் நின்றாள். தெருவில் ஆள் நடமாட்டமில்லை. வேலியோரத்துச் செடியின் இலைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்து நிமிர்ந்தன. நுனிகளிலிருந்து நீர் சொட்டியது. வேரைச் சுற்றி மண் கறுத்துக்கொண்டே வந்தது.

அந்த வெயிலில் ஒருத்தி நிற்பதை நினைக்க அவளுக்கு மனம் பொறுக்கவில்லை. கதவைத் திறந்து, "போதும்க்கா. எவ்வளவு நேரந்தான் வெயில்ல நிப்பீங்க? உள்ள வந்து உக்காருங்க" என்றாள். யோசிக்காமல் வாயில் வந்துவிட்ட பேச்சு.

இலைகள் அசைவதை நிறுத்தின.

அடுத்த நாள் வேலியோரம் மண் காய்ந்து கிடந்தது. காஞ்சனா தானே வாளி வாளியாக ஊற்றிப் பார்த்தாள். பூ தொங்கிப்போய், அந்த வாரத்துக்குள் செடி கருகிவிட்டது.

வீட்டுக்குள் மட்டும் ஒரு குளிர்ச்சி வந்திருந்தது. கூடத்துப் பிரம்பு நாற்காலிக்கு அடியில் தரை நனைந்தே கிடந்தது. துடைத்தால் மறுபடியும் ஈரம். கூரை ஒழுகுகிறதா என்று ஜெயகுமார் ஏறிப் பார்த்தான். ஓட்டில் ஒரு கீறலும் இல்லை.

காஞ்சனா அவனிடம் எதுவும் சொல்லவில்லை. வரச்சொல்லி வந்தவரைப் போகச்சொல்வது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் அந்த நாற்காலியில் உட்காரப் போனால் மட்டும், "அதுல வேணாங்க, இங்க உக்காருங்க" என்பாள்.