காற்று வராத நாற்காலி

ஒரு மாத இதழ் ஸஞ்சனாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தது. உங்களுக்கு எழுத வரும் இடம் எது? இருநூறு வார்த்தையில் சொல்லவேண்டும், அந்த இடத்தில் உட்கார்ந்தபடி ஒரு போட்டோவும் வேண்டும். அவள் ஐந்து நிமிஷத்தில் குக்கரஹள்ளி ஏரிக்கரை என்று எழுதி அனுப்பிவிட்டாள். விடிகாலை, மூங்கில் புதர், நீர்ப்பறவை, கல் பெஞ்ச் என்று கேட்பவர்களுக்குப் பிடித்த சாமான்களையெல்லாம் அதில் போட்டிருந்தாள். அத்தனையும் பச்சைப் பொய். அந்தக் கரையில் அவள் ஒரு வரி எழுதியதில்லை. அங்கே நோட்டைத் திறந்தால், வேகநடை நடக்கிற பென்ஷன்காரர்கள் முதல் சுற்றில் பார்ப்பார்கள், இரண்டாவது சுற்றில் சிரிப்பார்கள், மூன்றாவது சுற்றில் பக்கத்திலேயே உட்கார்ந்து என்ன எழுதுகிறீர்கள் என்று கன்னடத்தில் விசாரிப்பார்கள்.

அவளுக்கு எழுத வந்த இடம் வேறு. மைசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் முதல் மாடியில், டயாலிஸிஸ் வார்டுக்கு வெளியே, மூன்று மூன்றாகச் சேர்த்துப் போட்டிருக்கும் ஸ்டீல் நாற்காலிகளில் கடைசி நாற்காலி. செவ்வாய், வியாழன், சனி, பன்னிரண்டிலிருந்து நான்கு வரை. மூன்று வருஷம். அந்த நாற்காலியில் அவள் இரண்டு நாவல் எழுதினாள், மூன்றாவதில் முக்கால்வாசியும் எழுதினாள். புருஷன் உள்ளே மெஷினோடு படுத்திருந்த நேரத்தில் எனக்குப் பிரமாதமாக எழுத வந்தது என்று எந்த இதழுக்கு எழுதிக் கொடுப்பது? போட்டோவுக்கு எங்கே போய்ச் சிரிப்பது?

ஹரிப்ரசாத் போய் எட்டு மாசம் ஆகிறது. மேலுகோட்டையிலிருந்து மூன்று தலைமுறைக்கு முன்பே மைசூருக்கு வந்துவிட்ட குடும்பம் அவனுடையது. வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் கன்னடம். தமிழில் ஓர் எழுத்துகூட அவனுக்குத் தெரியாது. ஸஞ்சனாவின் அப்பா வங்கி வேலையாகக் கோயம்புத்தூரில் இருந்தவர், அதனால் அவள் தமிழ் படித்தாள். முதல் நாவல் அச்சாகி வந்தபோது சமர்ப்பணப் பக்கத்தைப் பிரித்து, அவன் விரலைப் பிடித்து ஒரு சொல்லின்மேல் வைத்து, இதுதான் நீ என்று காட்டினாள். அவன் அந்த எழுத்துகளை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, கொஞ்சம் குண்டாகத்தான் இருக்கிறேன் என்றான். கதையைப் படித்துக் காட்டேன் என்று கேட்டான். இந்த வாரம் ஆகட்டும், அடுத்த வாரம் ஆகட்டும் என்று அது தள்ளிப்போனது. இரண்டாவது நாவலுக்கும் அப்படியேதான் ஆயிற்று.

ஆனால் ஒன்று உண்டு. நான்கு மணிக்கு வீடு திரும்பும் ஆட்டோவில், கையில் பஞ்சும் பிளாஸ்திரியுமாகச் சாய்ந்து, கண்ணை மூடியபடியே அவன் சொல்வான். "இன்னிக்கு நன்னா ஓடித்து போலிருக்கே" என்பான். இல்லாவிட்டால், "இன்னிக்கு ஒண்ணும் நகரல்லே, இல்லியா?" என்பான். ஒரு நாளும் அது தப்பியதில்லை. தன் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அவன் போனபோது அவள் அழவில்லை. உறவில் இது பெரிய பேச்சாயிற்று. தைரியசாலி என்று பாதிப் பேர் சொன்னார்கள், கல்நெஞ்சுக்காரி என்று மீதிப் பேர். அவர்களுக்கென்ன, சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள். உண்மை இரண்டும் இல்லை. கைமேல் படுத்துத் தூங்கிவிட்டு எழுந்தால் கை இருக்கும், கிள்ளினால் உறைக்காது. அவள் மொத்தமாக அப்படி ஆகிப்போயிருந்தாள். காலையில் பால் வாங்கினாள், சமைத்தாள், மாமியார் ஜயம்மாவுக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். ஜயம்மா பெருமாள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து மகன் பெயரைச் சொல்லி அழுதபோது, இவள் அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டு நின்றாள்.

எழுத்தும் நின்றது. மூன்றாவது நாவலில் கடைசி இரண்டு அத்தியாயம் பாக்கி. இடம் சரியில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். விஜயநகரில் அவர்கள் வீட்டிலேயே, மைத்துனன் ஜன்னலோரமாக ஒரு தேக்கு மேஜை போட்டுக் கொடுத்தான், துவைத்த துணியை மடித்து வைக்க அது நல்ல வசதியாக இருந்தது. பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனாள், குளிர்ச்சியாக இருந்தது, தூங்கிவிட்டாள். கோகுலம் என்ற பேட்டையில், யோகா படிக்க வந்த வெள்ளைக்காரர்கள் நிறைந்த ஒரு காபிக் கடைக்குப் போனாள். அங்கே எல்லோரும் லேப்டாப்பில் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தார்கள், அதைப் பார்த்துவிட்டு வந்தாள். ரயிலில் போனால் கற்பனை ஊறும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு சாமராஜநகர் பாசஞ்சரில் ஏறினாள். நஞ்சன்கூடு வந்தது, அதற்குப் பிறகு சாமராஜநகர் வந்தது, வேறு எதுவும் வரவில்லை.

பதிப்பாளர் உதயகுமார் நல்ல மனிதர், நல்ல மனிதருக்கும் ஒரு கெடு உண்டு. மாசக் கடைசிக்குள் தந்தால் புத்தகக் கண்காட்சிக்குக் கொண்டுவந்துவிடலாம், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வோம் என்று போனில் சொன்னார். அடுத்த வருஷம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் பயம் புத்தகத்தைப் பற்றியது இல்லை. அவன் படுத்துக் கிடந்தால்தான் தனக்கு எழுத வருமோ என்பதுதான் பயம். அப்படியானால் அந்த மூன்று வருஷமும் நான் யார், அவன் நோயைத் தின்று வளர்ந்தவளா? அந்த எட்டு மாசத்தில் அவளுக்குக் கொஞ்சமாவது உறைத்தது இந்த ஒரு கேள்விதான்.

அதைப் பார்த்துவிடுவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினாள். அதே துணிப்பை, அதே ஃபிளாஸ்க், நோட்டு, போன் சார்ஜர். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் பையில் ஹரியின் சால்வையும் இருப்பதைப் பார்த்தாள். வார்டில் ஏசி குளிரும் என்று கை தானாக எடுத்து வைத்திருக்கிறது. சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மாடியில் எதுவும் மாறவில்லை. அதே பினாயில் வாசனை, அதே கதவு. கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடி, அதில் கார் ஜன்னலுக்கு ஒட்டுகிற மாதிரிக் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் நம் முகம்தான் தெரியும், மூன்று வருஷமும் அவள் அதில்தான் பொட்டைச் சரிபண்ணிக்கொண்டாள். மாறியிருந்தது ஒன்றுதான். கடைசி நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும், வேட்டி, கோடு போட்ட சட்டை. கையில் போன் இல்லை, பேப்பர் இல்லை. போட்டோ எடுக்க உட்கார்ந்தவர்போல நிமிர்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் முன்னால் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் பையைத் துழாவினாள்.

"கொஞ்சம் நவுந்துக்கங்க அம்மிணி, மறைக்குது" என்றார் அவர்.

மறைப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. நகர்ந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த இடத்தில் யாரும் யார் பெயரையும் கேட்பதில்லை, யாருக்கு, எந்த பெட், எத்தனை வருஷம் என்ற மூன்றுதான் கேள்வி. அவரும் அதையே கேட்டார். புருஷனுக்கு, நாலு, மூணு வருஷம் என்று அவள் வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது.

அவர் கண் கதவுக்குப் போய்த் திரும்பியது. பிறகு தணிந்த குரலில், "நாலு எங்கூட்டுக்காரிங்க" என்றார்.

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவர் வருவது நின்றுபோனால் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது, அது அங்கே எழுதாத சட்டம். பெட் ஒரு வாரம்கூடக் காலியாக இருக்காது, காத்திருப்பவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஏழெட்டு மாசமாக வருகிறோம் என்று சொன்னார். பெயர் பழனிமுத்து, ஊர் எல்லைக் காட்டோரத்துக் கோபிநத்தம், பெண்டாட்டி சுந்தராம்பாள். ஊரிலிருந்து வாரம் மூன்று நாள் வர முடியாது என்று இங்கேயே ஓர் அறை பிடித்துத் தங்கியிருக்கிறார்கள். கேட்காமலே இதையெல்லாம் அவர் சொன்னது, அவள் சங்கடப்படக் கூடாது என்பதற்காகத்தான்.

அவள் நோட்டைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தால் எப்படி வரும் என்று பிடிவாதம் வந்தது. சார்ஜரைக் காட்டி, பிளக் அந்தப் பக்கம் இருக்கிறது, கொஞ்சம் மாறி உட்கார முடியுமா என்று கேட்டாள். பழனிமுத்து எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தாள். அவர் சார்ஜரை வாங்கித் தானே மாட்டிவிட்டு, அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மிணி. இந்த எடத்த மட்டும் கேக்காதீங்க. அவ படுத்திருக்கறதுலருந்து பாத்தா இந்த ஒரு சேருதானுங்க தெரியும். நா இல்லீன்னா பயந்துக்குவா. இல்லாட்டி இங்க எதுக்குங்க உக்கோர்றேன், காத்துகூட வராது."

ஸஞ்சனா நிமிர்ந்து பார்த்தாள். மின்விசிறி முதல் நாற்காலிக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. அது எப்போதும் அங்கேதான் இருந்தது. மூன்று கோடை அவள் இந்தக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து நோட்டால் விசிறிக்கொண்டு எழுதியிருக்கிறாள். டயாலிஸிஸ் ஆரம்பித்த முதல் வாரம், மூன்றாவது நாள், உள்ளே போவதற்கு முன் ஹரி திரும்பிச் சொன்னான். "அந்தக் கடைசி சேர்ல உக்காந்துக்கோ. ஃபேன் காத்து நன்னா வரும்."

அவள் எழுந்துபோய்க் கதவைத் தட்டினாள். திறந்த ஸிஸ்டர் அவளை அடையாளம் கண்டுகொண்டாள். கன்னடத்தில் அக்கா என்று கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டே நிமிஷம், நாலாம் பெட்டைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள் ஸஞ்சனா. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

சுந்தராம்பாள் ஒல்லியான பெண், போர்வை கழுத்துவரை இருந்தது. தூங்கவில்லை. ஸஞ்சனா தலைமாட்டுப் பக்கம் போய் நின்று, அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்த திசையில் திரும்பினாள். வெளியே கறுப்பாக இருந்த கண்ணாடி உள்ளேயிருந்து பளிச்சென்று இருந்தது. அதில் கடைசி நாற்காலி முழுசாகத் தெரிந்தது, பக்கத்து நாற்காலியில் ஒரு கைப்பிடிகூடத் தெரியவில்லை. பழனிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அவரு கொட்டாவி உட்டாக்கூடத் தெரியுமுங்க" என்றாள் சுந்தராம்பாள்.

ஸஞ்சனா எழுதும்போது பேனாவைக் கடிப்பாள். உதட்டை அசைத்து வசனத்தைச் சொல்லிப் பார்ப்பாள். தாளைக் கிழித்துக் கசக்கிப் பைக்குள் போடுவாள், ஒரு நல்ல வரி வந்தால் தனக்குத்தானே சிரிப்பாள். யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் செய்ததெல்லாம் அது. செவ்வாய், வியாழன், சனி, நான்கு நான்கு மணி நேரம் ஹரி இந்தத் தலையணையில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்திருக்கிறான். சொல்லியிருந்தால் இவள் நிமிடத்துக்கு ஒரு தரம் நிமிர்ந்து கதவைப் பார்த்திருப்பாள், ஒரு பக்கம் ஓடியிருக்காது. அது அவனுக்குத் தெரியும். படித்துக் காட்டு என்று இரண்டு தரம்தான் கேட்டான், மூன்றாவது தரம் கேட்கவில்லை.

பையிலிருந்து சால்வையை எடுத்துச் சுந்தராம்பாளின் கால்மேல் போர்த்திவிட்டு வெளியே வந்தாள். அழுகை வரவில்லை. மரத்த கைக்கு உணர்ச்சி திரும்பும்போது முதலில் எறும்பு ஊர்வதுபோலத்தான் இருக்கும், அப்படி உடம்பெல்லாம் என்னவோ ஊர்ந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் இருந்தது.

பக்கத்து நாற்காலியில், காற்று கொஞ்சம் வரும் இடத்தில் உட்கார்ந்தாள். நாவலின் பாக்கி அத்தியாயம் வரவில்லை. வேறொன்று வந்தது. கடைசி நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்து எழுதுகிறாள், உள்ளேயிருந்து ஒருவன் பார்க்கிறான். அவன் பார்வையிலிருந்து எழுதினாள். ஒன்றரைப் பக்கம். பழனிமுத்து நாலு மணிவரை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார், ஒரு தரம் கொட்டாவி விட்டார். நாலு மணிக்குச் சுந்தராம்பாள் கையைப் பஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, தோளில் சால்வையோடு வெளியே வந்தாள். அவர் அவளை நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். போகும்முன் சுந்தராம்பாள் சால்வையை நீட்டியபோது ஸஞ்சனா வாங்கவில்லை, வியாழக்கிழமையும் குளிரும் என்று சொல்லிவிட்டாள்.

ஆட்டோவில் ஏறி விஜயநகர் என்றாள். வண்டி கிளம்பியது. பழக்கத்தில் ஓர் ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. சிக்னலில் வண்டி நின்றபோது அந்த இடத்தைப் பார்த்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

"கொஞ்சம் ஓடித்து" என்றாள்.

ஆட்டோக்காரர் திரும்பி, என்ன மேடம் என்று கன்னடத்தில் கேட்டார். ஒன்றுமில்லை, ஓட்டுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அழுகை வந்துவிட்டது.